ஓசியில் போன அம்மா

சொன்னது ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. "அம்மா, பார்த்து" என்றாள் யூன்ஹே. அவ்வளவுதான் நடந்தது. அதற்குத்தான் இத்தனை கூத்து.

அவளுக்கு மாமியார் ஆகப்போகிற லியான்ஹுவா, மாப்பிள்ளை அறை ஜன்னலில் சிவப்புக் காகிதத்தில் வெட்டிய, கல்யாண வீட்டுக்கான 'இரட்டை மகிழ்ச்சி' என்ற சீன எழுத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். நின்றது ஒரு கால் குட்டையான மர ஸ்டூலில். மேல் மூலையைத் தடவ எக்கினாள், ஸ்டூல் சாய்ந்தது. யூன்ஹே கையிலிருந்த பசைக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடும்போது வாய் தன்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டது. லியான்ஹுவா ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தப்பித்து, திரும்பிப் பார்த்து, "ஆங், என்னம்மா" என்றாள்.

கூப்பிட்டவளும் யோசிக்கவில்லை, பதில் சொன்னவளும் யோசிக்கவில்லை. யோசித்தது, கூடத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த தரகுக்காரி ஃபாங் அக்கா. வாய்க்குப் போன விதை பாதி வழியில் நின்றது.

"போச்சு," என்றாள் ஃபாங் அக்கா. "கூப்பிட்டுட்டா. அவளும் ஆங்னுட்டா."

அந்தப் பக்கத்தில் முறை அப்படி. கல்யாணத்துக்கு முந்தின நிமிடம் வரை மாமியார் வெறும் ஆன்ட்டி. கல்யாணத்தன்று மேடையில் தேநீர்க் கிண்ணத்தை நீட்டி, முதல் தடவையாக அம்மா என்று கூப்பிட வேண்டும். மாமியார் எல்லோர் காதிலும் விழும்படி ஆங் என்று சொல்லி, மருமகள் கையில் சிவப்பு உறையை வைக்க வேண்டும். முறை மாற்றிக் கூப்பிட்டதற்கான பணம் அது. பெரும்பாலான வீடுகளில் ஆயிரம், இரண்டாயிரம் யுவானோடு முடிந்துவிடும். யூன்ஹேக்குப் பேசியிருந்தது ஒரு லட்சத்து ஒரு யுவான். லட்சத்தில் ஒருத்தியைத் தேடிப் பிடித்தோம் என்று சொல்லிக்கொள்ளத்தான் அந்தக் கடைசி ஒரு யுவான்.

அவ்வளவு பெரிய தொகை எப்படி வந்தது என்பது இன்னொரு கூத்து. போன இலையுதிர் காலத்தில் ஊர்க் குழு ஒரு விழா நடத்தியது. பெண் வீட்டுக்குக் கொடுக்கிற பரிசப் பணத்தைக் குறைத்துக்கொண்ட ஜோடிகளை மேடையேற்றி, நெஞ்சில் பெரிய சிவப்புப் பூவைக் குத்திப் படம் எடுத்தார்கள். யூன்ஹேயின் அம்மா ஷுஜென் மைக்கைப் பிடித்து, "நான் பொண்ணைக் கட்டிக் குடுக்கறேன், விக்கலை" என்றாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பட்டு ரஜாய்ப் போர்வை ஒன்றும் பரிசாகக் கிடைத்தது. அதே நாள் சாயங்காலம் ஷுஜென் ஃபாங் அக்காவை வீட்டுக்கு அழைத்து, பரிசத்தில் குறைத்ததையெல்லாம் கூப்பிடுகிற பணத்தில் ஏற்றிவிட்டாள். பரிசம் என்றால்தானே குழு மூக்கை நுழைக்கும்? மாமியார் ஆசைப்பட்டு மருமகளுக்குக் கொடுப்பதை யார் கேட்க முடியும்?

இதெல்லாம் பேசி முடித்தபோது யூன்ஹேயும் மாப்பிள்ளை தேலினும் ஹாங்ஜோ நகரத்தில் இருந்தார்கள். அவள் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் வேலை பார்க்கும் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றபோது, கதவை நெம்பித் திறந்து கை கொடுத்தவன் அவன். தாங்களே பார்த்து, தாங்களே பிடித்துப்போய், நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணமும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் தரகுக்காரி வேண்டும். பணத்தை இரண்டு வீடும் நேருக்கு நேர் பேசினால் மரியாதை போய்விடுமாம். போகட்டுமே என்று யூன்ஹே சொல்லிப் பார்த்தாள், யாரும் காதில் வாங்கவில்லை.

இப்போது சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார்கள். ஆறாம் நாள் கல்யாணம். மண்டபம் பேசி, பத்திரிகை கொடுத்து, கார்களுக்கு ரிப்பன் கூட வாங்கியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஸ்டூல் சாய்ந்தது.

யூன்ஹே வீடு திரும்பும் முன்பே செய்தி திரும்பிவிட்டது. ஷுஜென் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட முடியாதாடி?"

"ஸ்டூல் சாஞ்சுதும்மா. விழுந்திருந்தா இடுப்பு போயிருக்கும்."

"ஆன்ட்டி பார்த்துன்னு சொல்லியிருந்தா விழுந்திருப்பாளா? அதைச் சொல்லவும் அதே நேரம்தானே ஆகும்?"

"யோசிச்சுக்கிட்டா சொல்லுவாங்க அதை?"

"லட்ச யுவான் விஷயம். யோசிக்கணும்," என்றாள் ஷுஜென். "நாலு வருஷமா ஹாங்ஜோவுல என்னத்த கத்துக்கிட்ட? ஓசியில தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிற."

பணப்பேச்சு தொடங்கியதும் யூன்ஹேயின் அப்பா வழக்கம்போல் செருப்பை மாட்டிக்கொண்டு மாஜோங் விளையாடப் போய்விட்டார். முப்பது வருடமாக அந்த மனிதருக்கு அது ஒன்றுதான் கருத்து.

யூன்ஹே மேசையில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். ஷுஜென் கரண்டியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"நான் எனக்காகவா கேக்கறேன்? பரிசம் என் கைக்கு வரும். அதுல நான் உனக்குச் சீர் வாங்குவேன். ஃப்ரிட்ஜும் கட்டிலும் அவங்க வீட்டுக்கே திரும்பிப் போயிரும். உன் கையில, உன் பேர்ல நிக்கப் போறது இந்தப் பணம் ஒண்ணுதான். உன் பெரியம்மா பொண்ணு திரும்பி வந்தாளே, என்ன இருந்துச்சு அவ கையில? ஒரு பெட்டி. அதுலயும் சக்கரம் உடைஞ்சிருந்துச்சு."

"தேலின் என்னைத் துரத்திடுவானாம்மா?"

"துரத்துவேன்னு சொல்லிட்டா கட்டிக்கிறாங்க?" ஷுஜென் எழுந்தாள். "முழுப் பணம் வரணும். வரலைன்னா ஆறாம் தேதி அவங்க கார் நம்ம தெருவுக்குள்ள நுழையாது. நான் குறுக்க படுத்துக்குவேன்."

அவள் படுப்பாள். அதில் யூன்ஹேக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

மறுநாள் ஃபாங் அக்கா ஆரஞ்சுப் பழப் பையும் கைபேசியுமாக வந்தாள். தேலினின் அப்பா வான் மாவ்ஷெங் குரல் செய்திகள் அனுப்பியிருந்தார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர், எதையும் கடைக்காரராகத்தான் பார்ப்பார். ஃபாங் அக்கா கைபேசியை மேசை நடுவில் வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"ஃபாங், நீயே சாட்சி," என்றது மாவ்ஷெங்கின் குரல். "பொண்ணு கூப்பிட்டாச்சு, இவளும் பதில் சொல்லியாச்சு. முறை மாறியாச்சு. மாறின முறைக்கு மறுபடி எப்படிக் காசு குடுக்கறது?"

அடுத்த செய்தி. "தரமாட்டேன்னு நான் சொல்லலை. அப்படிப்பட்ட ஆளு நான் இல்ல. ஆனா என் கடையில பெட்டி பிரிச்ச டைல்ஸை யாரு முழு விலைக்கு எடுக்கறா? பாதி. ஐம்பதாயிரத்து ஒண்ணு. அந்த ஒண்ணை நான் குறைக்கலை, அதையும் அவங்ககிட்ட சொல்லு."

ஷுஜென் கைபேசியைப் பார்த்தாள், மாவ்ஷெங்கே அதற்குள் உட்கார்ந்திருப்பதுபோல. "டைல்ஸா? என் பொண்ணு டைல்ஸா?"

"பொண்ணைச் சொல்லலைக்கா, வார்த்தையைச் சொல்றாரு," என்றாள் ஃபாங் அக்கா.

"பயத்துல கத்தினது எப்படிக் கூப்பிட்டதாகும்? கார் மோத வந்தா தெருவுல போறவன் எல்லாம்தான் அம்மான்னு கத்துவான். அத்தனை பேருக்கும் லியான்ஹுவா அம்மாவா?"

"அது சரிதான். ஆனா லியான்ஹுவா ஆங்னு சொல்லிட்டாளே."

"அவளை யாரு சொல்லச் சொன்னா? வாயை மூடிக்கிட்டு விழ வேண்டியதுதானே?"

யூன்ஹே அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கூப்பிட்டது நான். பதில் சொன்னது அவங்க. எங்க ரெண்டு பேரையும் யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஷுஜென் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ உள்ள போ."

இருபத்தெட்டு வயது. ஹாங்ஜோவில் முரட்டு ஆம்பிளைகள் கூட அவள் சொன்னால்தான் வாயைத் திறப்பார்கள், அவள் சொன்னால்தான் மூடுவார்கள். இங்கே உள்ளே போ. போனாள். குழு கொடுத்த பட்டு ரஜாய் கட்டில் மேல் பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. அதைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். மெத்தென்று விழுந்ததில் ஆத்திரம் இன்னும் ஏறியது.

வெளியே ஃபாங் அக்கா ஒரு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். யூன்ஹே நேரில் போக வேண்டும். நாலு பேர் காதில் விழ லியான்ஹுவாவை ஆன்ட்டி என்று கூப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் அன்றைக்குச் சொன்னது பயத்தில் கத்தியதாகிவிடும், கணக்கில் வராது. கல்யாணம் வரை வேறு எப்படியும் கூப்பிடக் கூடாது. ஷுஜென் ஒத்துக்கொண்டாள். மாவ்ஷெங் யோசிக்கிறேன் என்றாராம்.

போகமாட்டேன் என்று யூன்ஹே சண்டை போட்டாள். ஷுஜென் தெருவைக் காட்டினாள், தான் படுக்கப்போகிற இடத்தை. கடைசியில் அந்த ஆரஞ்சுப் பையைத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

லியான்ஹுவா சமையலறையில் அரிசி மாவுப் பணியாரத்தை அச்சில் அழுத்திக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு. யூன்ஹேயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஆன்ட்டி," என்றாள் யூன்ஹே.

அச்சு மேல் இருந்த கை நின்றது. பிறகு மறுபடி அழுத்தியது. "வா. உட்காரு. அம்மா சொல்லிவிட்டாங்களா?"

"ஆமா."

"எத்தனை பேரு கேக்கணுமாம்?"

"நாலு பேராவது கேக்கணும்னு ஃபாங் அக்கா சொன்னாங்க."

லியான்ஹுவா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். மாடிப்படிக் கதவைத் திறந்து பக்கத்து வீட்டுப் பெண்களைப் பேர் சொல்லி அழைத்தாள், பணியாரம் ருசி பார்க்க வாங்க என்று. மூன்று பேர் வந்தார்கள். கூடவே ஒருத்தியின் மாமனாரும் வந்தார். யூன்ஹே அவர்கள் நடுவில் நின்று, தட்டை நீட்டி, "ஆன்ட்டி, இதுல சர்க்கரை போதுமா? ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் வேகணுமா?" என்று கேட்டாள். லியான்ஹுவா ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள். ஆங் என்று மட்டும் சொல்லவில்லை. வந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். பணியாரத்தைத் தின்றுகொண்டே ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு லியான்ஹுவா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு ஒத்தப் பையன். அவன் வாயிலயிருந்து எது வந்தாலும் முக்கி முனகித்தான் வரும், உனக்குத் தெரியும். அன்னிக்கு நீ கூப்பிட்டது நல்லா இருந்துச்சு. விழ இருந்தேன், ஆனாலும் நல்லா இருந்துச்சு."

என்ன சொன்னாலும் ஆன்ட்டி என்று முடிக்க வேண்டுமே என்று யூன்ஹே தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

"நான் இவர்கிட்ட சொல்லிட்டேன், முழுசாக் குடுத்துருங்கன்னு," என்றாள் லியான்ஹுவா. "என் பேச்சை யாரு கேக்கறா?"

தேலின் கூடத்தில் ஏணி போட்டுச் சிவப்பு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். யூன்ஹே அவனைச் சட்டையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துப் போனாள்.

"நீ ஏதாவது பேசுவியா மாட்டியா?"

"நான் பேசினா அப்பா கோவிச்சுக்குவாரு. பேசலைன்னா உங்கம்மா கோவிச்சுக்குவாங்க." அவன் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைச் சுழற்றினான். "கொஞ்சம் ஆறட்டும்னு பார்க்கறேன்."

"லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கிறவங்களை ஆறட்டும்னு விட்டுட்டுப் போவியா?"

"அது வேற."

"என்னடா வேற? நான்தான் அன்னிக்கும் உள்ள இருந்தேன், நான்தான் இன்னிக்கும் உள்ள இருக்கேன்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் விழுந்தாள். இப்போது அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஆறாம் தேதி உன்னைக் கட்டிக்கணும்," என்றாள் அவள். "அது ஒண்ணுதான் வேணும். உங்கப்பாகிட்ட போய் நில்லு. எங்கம்மாகிட்ட போய் நில்லு. சொன்னது சொன்னதுதான், அதுக்கு விலை பேசாதீங்கன்னு சொல்லு. ஒரே ஒரு தடவை சொல்லு."

"சரி, நான் பார்த்துக்கறேன்," என்றான் தேலின்.

பார்த்துக்கொண்டான். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவனே அழைத்தான். குரலில் பெருமை வழிந்தது.

"முடிச்சிட்டேன்."

யூன்ஹே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "பேசினியா?"

"பேசிக்கிட்டு எதுக்கு? அப்பா ஐம்பதாயிரத்துக்கு மேல ஏறி வரமாட்டாரு. உங்கம்மா லட்சத்துக்குக் கீழ வரமாட்டாங்க. நடுவுல இருக்கற ஐம்பதை நான் போட்டுட்டேன். அப்பாவுக்கு அனுப்பியாச்சு. நாளைக்கு முழுசா லட்சத்து ஒண்ணு. அந்த ஒரு யுவானை அப்பாவே போடறேன்னுட்டாரு."

"எந்தப் பணத்துல அனுப்பின?"

"நம்ம பணத்துலதான்."

"வீட்டு முன்பணத்துக்குச் சேர்த்ததா?"

"எங்கயும் போகலையே யூன்ஹே. நாளைக்கு உன் கைக்கே திரும்பி வரப்போகுது. நம்ம பையில இருந்து எடுத்து உன் பையில போடறோம். யாருக்கும் ஒரு காசு நஷ்டம் இல்ல. எல்லாரு மானமும் தப்பிச்சுது."

"அதுல பாதி என் சம்பளம்டா."

"அதைத்தான் நானும் சொல்றேன். உன் காசு உனக்கே."

எத்தனை பேருக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் நீட்டி, எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து சேர்த்த பணம். "அப்ப உங்கம்மாவை நான் அம்மான்னு கூப்பிடறதுக்கு நானே எனக்குக் காசு குடுத்துக்கறேன்."

"ஏன் எல்லாத்தையும் இப்படியே யோசிக்கிற?"

"வேற எப்படி யோசிக்கறது? நீயே சொல்லிக் குடு."

"கல்யாணம் நடக்குதுல்ல?" என்றான் தேலின். இப்போது அவன் குரலிலும் எரிச்சல். "நீ கேட்டது அதுதானே? ஆறாம் தேதி கட்டிக்கணும்னு கேட்ட. நடக்குது."

கேட்டது அதுதான். அதை எப்படி இல்லை என்பது? ஒரு வாய் திறந்து பேசு என்றாள், அவன் அதற்குப் பதில் பணத்தைத் திறந்துவிட்டான். இவனுக்கு இதற்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. இவனையா கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தாள். இவனைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. அவன்மேல் வந்ததைவிட அதிகமாகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. "சரி" என்று சொல்லிக் கைபேசியை வைத்துவிட்டாள்.

மறுநாள் கார்கள் வந்தன. ஷுஜென் தெருவில் படுக்கவில்லை. கத்தரிப்பூ நிறப் பட்டுக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

மண்டபத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது. தொகுப்பாளன் ஒருவன் பளபளக்கிற கோட்டுப் போட்டு, கல்யாண வீடு என்பதையே மறந்து, ஏலம் போடுகிறவன்போல் கத்தினான். யூன்ஹே முழங்காலிட்டுத் தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். மைக் அவள் வாய்க்குக் கீழே வந்தது.

"அம்மா, டீ குடிங்க."

நன்றாகத்தான் சொன்னாள். தெளிவாக, சத்தமாக, கடைசி மேசை வரைக்கும் கேட்டது. நோயாளிகளிடம் "அடுத்தவங்க வாங்க" என்று சொல்கிற அதே தெளிவு. மைக் லியான்ஹுவாவிடம் போனது. லியான்ஹுவா அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆங்," என்றாள். கைதட்டினார்கள். மாவ்ஷெங் சிவப்புப் பையை மனைவி கையில் கொடுத்தார், லியான்ஹுவா அதை யூன்ஹே கையில் வைத்தாள், ஷுஜென் மேடையேறி அதை வாங்கித் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்த ஊர்க் குழுக்காரர் அந்த நேரம் பார்த்து மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தார். ஷுஜென் அழுதாள். நடிக்கவில்லை, உண்மையாகவே அழுதாள். "உன் பேர்ல போட்டுர்றேன்" என்று யூன்ஹேயின் காதில் சொன்னாள். யூன்ஹேக்கும் அழுகை வந்தது. எதற்கு என்று பிரித்துப் பார்க்க அங்கே நேரம் இல்லை.

மூன்றாம் நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வெறுங்கையோடு போக முடியுமா? லியான்ஹுவா காலையிலேயே பால்கனிக்குப் போனாள், குளிர்காலம் முழுக்க மூங்கில் கழியில் காய்ந்துகொண்டிருந்த உப்புக்கண்டத்தில் நல்ல துண்டாகப் பார்த்து எடுக்க. ஏறியது அதே ஸ்டூல். முப்பது மாடி லிஃப்டை எல்லாம் சரி செய்கிற தேலின், அந்த ஸ்டூலின் காலை ஊருக்கு வரும்போதெல்லாம் நாளைக்கு நாளைக்கு என்று இரண்டு வருடமாகத் தள்ளிக்கொண்டிருந்தான்.

யூன்ஹே சமையலறை வாசலில் ஆரஞ்சுகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். லியான்ஹுவா கழியின் கோடிக்கு எக்கினாள். ஸ்டூல் சாய்ந்தது.

"ஆன்ட்டி!"

வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. அன்றைக்கும் தன்பாட்டுக்குத்தான் சொன்னது. யூன்ஹே ஓடிப் போய் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்தாள். லியான்ஹுவா கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை திரும்பவில்லை. தொங்கின இறைச்சியெல்லாம் ஆடி அடங்கிய பிறகு, தானாகவே மெல்ல இறங்கினாள்.

"விழலை," என்றாள்.

"எனக்கு... வாய் அதுலயே பழகிப்போச்சு," என்றாள் யூன்ஹே. முகம் சுட்டது.

"தெரியும். பழக்கினதே நான்தானே. பக்கத்து வீட்டை எல்லாம் கூட்டிட்டு வந்து பழக்கினேன்." லியான்ஹுவா இறைச்சியைச் சிவப்புக் காகிதத்தில் வைத்துச் சுற்றினாள். ஒரு முனையை மடித்தாள், அது சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள்.

யூன்ஹே பக்கத்தில் போய் நின்றாள். "அம்மா," என்றாள்.

சரியாகத்தான் வந்தது. முழங்காலிட்டுச் சொன்னது போலவே தெளிவாக வந்தது.

"ஆங்," என்றாள் லியான்ஹுவா. அதுவும் அன்றைக்கு மைக்கில் சொன்னது போலவே இருந்தது. இரண்டு பேர் காதிலும் அது விழுந்தது. இரண்டு பேரும் காகிதப் பொட்டலத்தையே பார்த்தார்கள்.

பின்னாலிருந்து தேலினின் குரல் வந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். "நல்லவேளை, அப்பா கடைக்குப் போயிட்டாரு. ஆன்ட்டின்னு கேட்டிருந்தா அந்த ஐம்பதையும் திருப்பிக் குடுன்னுருப்பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"அந்த ஸ்டூலைச் சரி பண்ணு," என்றாள் யூன்ஹே.

"வந்து பண்றேனே. உங்கம்மா காத்துக்கிட்டிருப்பாங்க."

"இப்பவே பண்ணு."

"ஒரு ஸ்டூலுக்குப் போயி..."

"தேலின். இப்பவே."

அவன் அவளைப் பார்த்தான், தன் அம்மாவைப் பார்த்தான். புதுக் கால்சட்டையோடு தரையில் மண்டியிட்டு, ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டான். உள்ளே போய் ஒரு மரத்துண்டும் சுத்தியலும் கொண்டுவந்தான். கால் மணி நேரம்கூட ஆகாத வேலை.

அவன் அடித்து முடிக்கும்வரை மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆணி வேண்டும் என்றால் லியான்ஹுவா எடுத்துக் கொடுத்தாள். ஆரஞ்சுப் பை வழியில் இருந்தால் யூன்ஹே நகர்த்தி வைத்தாள். ஒருத்தியை ஒருத்தி எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.